எஞ்சின் தடுமாற்றமும் எச்சரிக்கை விளக்கும்

குற்றம் உண்டு என்று அறிவது வேறு. அது எதனால் விளைந்தது என்று அறிவது வேறு. மாணவனின் கட்டுரை ஏட்டில் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுகிறார். அக்கோடு பிழையின் இடத்தைக் காட்டுமேயன்றி, மாணவன் விதியை அறியாதிருந்தானா, ஒலியை மயங்கிக் கேட்டானா, விரைவில் எழுதித் தவறினானா என்பதைக் காட்டாது. இக்கால மோட்டார் வண்டியில் எரியும் எச்சரிக்கை விளக்கும் அத்தகையதே. இவ்வேறுபாட்டை உணராமையால் வீண்செலவுக்கு ஆளாவோர் பலர்.

அண்மையில் ஒரு மாலை என் தங்கை மகனுடன் அவருடைய டர்போ காரில் சிராங்கூன் சாலை வழியே சென்றேன். தேக்கா அருகில் வண்டி நின்றபோது எஞ்சின் குலுங்கியது. எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கும் எரிந்தது. மறுநாள் ஒரு பட்டறையில் கருவியை இணைத்துப் பார்த்தனர். மூன்றாம் சிலிண்டரைக் குறிக்கும் எண் தோன்றியது. உடனே அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரை மாற்றிப் பெருந்தொகை பெற்றுக்கொண்டனர். “மாமா, இயந்திரமே சொல்லிவிட்டது, இன்னும் என்ன ஆராய்ச்சி?” என்றார் மருமகன். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. இயந்திரம் சொன்னது யாது, சொல்லாதது யாது என்பதைக் காண்போம்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் தண்டு இருமுறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு முறை பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ள வேண்டும். நிமிடத்திற்கு 6,000 சுற்று எனில், ஒரு சிலிண்டரில் வினாடிக்கு 50 முறை. நான்கிலும் சேர்த்து 200 முறை. இவற்றுள் சில தவறுவதையே பட்டறைக்காரர் ‘மிஸ்ஸிங்’ என்பர். எரிதல் தவறியபோது தண்டு அந்தத் தள்ளலைப் பெறாமல் கணநேரம் தளர்கிறது. தண்டின் அருகேயுள்ள உணரி அத்தளர்ச்சியை அளந்து சொல்ல, வண்டியிலுள்ள கணினி எந்தச் சிலிண்டரின் முறை அது என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் எல்லாப் புதிய கார்களிலும் இக்குறிப்புமுறை பொதுவாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. பி 0301 என்பது முதற் சிலிண்டரையும், பி 0303 என்பது மூன்றாவதையும் சுட்டும். பி 0300 எனில், தவறுதல் ஒரே சிலிண்டரில் நில்லாமல் பலவற்றில் மாறிமாறி நிகழ்கிறது என்பது பொருள். இவ்வெண்கள் யாவும் நோய்க்குறிகளே. எந்த உறுப்பு பழுது என்று அவை கூறுவதில்லை.

விளக்கு எரியும் முறையிலும் பொருள் உண்டு. அது நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினாலோ தாமதம் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலத்தில் எரியும். அவ்வெப்பத்தால் அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி உருகிச் சிதையும். ஆதலின் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

இனிக் காரணம் காணும் முறையை நோக்குவோம். எரிதலுக்கு மூன்று வேண்டும்: தக்க அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், போதிய அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதே எண்தான் தோன்றும். எனவே எளியதிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் வைத்து, இரண்டாவதன் காயிலை மூன்றாவதில் வைக்க வேண்டும். பின்னர் ஓட்டிப் பார்க்கையில் பி 0302 என்று எண் இடம் மாறினால் குற்றம் காயிலுடையது. மாறாவிடில் ஸ்பார்க் பிளக்கையும், அதன்பின் இன்ஜெக்டரையும் அவ்வாறே சோதிக்கலாம். அவையும் நன்றாயின், வால்வும் பிஸ்டன் வளையங்களும் அழுத்தத்தைக் காக்கின்றனவா என்று அளந்து பார்க்க வேண்டும்.

விரைவுக் கார்களில் ஒரு தனித்தன்மை உண்டு. டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு மிகுந்த மின்னழுத்தம் தேவைப்படும். தேய்ந்த பிளக்கோ நலிந்த காயிலோ மெல்ல ஓட்டும்போது தாங்கும். மற்றொரு வண்டியை முந்தும்போது கைவிடும். கணினி, குற்றம் நேர்ந்த வேளையின் சுற்றுவேகம், சுமை, வெப்பநிலை முதலியவற்றையும் பதிந்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் இச்சான்றும் அழியும்.

கணினி இல்லாத காலத்திலும் இவ்வாராய்ச்சி இருந்தது. சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. அக்காலத்துப் பொறிவல்லுநர் ஓடும் எஞ்சினின் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவர். எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. பின்னர் அதன் பிளக்கின் நிறத்தைப் பார்ப்பர். கரிய புகைப்படிவு பெட்ரோல் மிகுதியை உணர்த்தும். இன்றைய கார்களில் அவ்வாறு கழற்றுதல் ஆபத்தானது. ஆயினும் ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்கும் அந்த முறை மாறவில்லை.

மருமகனின் வண்டியை மற்றொரு பட்டறையில் சோதித்தபோது, காயிலை மாற்றி வைத்தவுடன் எண்ணும் மாறியது. இன்ஜெக்டர் முதலிலேயே நன்றாகத்தான் இருந்தது!

சிங்கப்பூரில் மூன்றாண்டு முதல் பத்தாண்டு வரை வயதுடைய கார்கள் ஈராண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டவை ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட வேண்டும். புகையும் அப்போது அளக்கப்படும். அந்நாள் நெருங்கும்போது விளக்கை மட்டும் அணைத்து மன அமைதி கொள்வோர் உளர். அது மாணவனின் ஏட்டிலுள்ள சிவப்புக் கோட்டை அழித்துவிட்டுப் பிழை நீங்கியது என்று மகிழ்வதையே ஒக்கும். கோடு தானே மறைய வேண்டுமாயின், பிழையின் காரணத்தைக் கண்டு களைதல் வேண்டும். எஞ்சினுக்கும் மாணவனுக்கும் இது பொது.