வாவிக்கரை வணிகம் – 14: கோச்சியும் லொறியும் கடந்த ஒரே பாலம்

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நெல்லும் மனிதரும் கடந்த தோணிகளும், 'பாதை' என இப்பகுதியில் வழங்கும் மிதவைகளும் சென்ற இதழில் விவரிக்கப்பட்டன. இவ்வாரத்துக்கென அறிவிக்கப்பட்டது வாழைச்சேனைக் காகித ஆலை. எனினும் அதற்கு முன் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும்.

எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய தமது ஆங்கில நூலை 1921இல் வெளியிட்டபோது, கல்லடியில் பாலமும் இல்லை, மாவட்டத்தில் புகையிரதமும் இல்லை. 1924இல் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரால் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928இல் மாகோவிலிருந்து கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை வழியாக வந்த அகலப்பாதை, அதாவது தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட இருப்புப்பாதை, மட்டக்களப்பை எட்டியது. ஆகவே அந்நூல், சரக்குப் போக்குவரத்து நீரையும் மாட்டுவண்டியையுமே பெரிதும் நம்பியிருந்த காலத்தின் இறுதிச் சாட்சியங்களுள் ஒன்றாகிறது.

அப்பாதை நீரைக் கடந்த விதமே தனி வரலாறு. மகாவலிமேல் மன்னம்பிட்டியிலும், வாழைச்சேனை வாவிமேல் ஓட்டமாவடியிலும் புகையிரதத்துக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று எனப் பாலங்கள் கட்டப்படவில்லை. ஒரே இரும்புப் பாலத்தின் தளத்தில் தண்டவாளங்கள் பதிந்திருக்க, அவற்றின் மேலேயே பேருந்தும் லொறியும் சைக்கிளும் சென்றன. கோச்சி வரும் நேரத்தில் இருபுறமும் கடவை மூடப்பட, வாகனங்கள் வரிசையாகக் காத்து நின்றன. அது கடந்த பின்னரும், எதிரெதிரே இரு வாகனங்கள் செல்ல அகலமில்லாமையால், ஒரு பக்கம் வழிவிட மறுபக்கம் நகர்ந்தது. நெல் மூட்டையும் மீன் பெட்டியும் கொழும்பை அடையும் நேரத்தை இந்தக் காத்திருப்பும் சேர்ந்தே தீர்மானித்தது. மன்னம்பிட்டியில் இந்நிலை 2007இல் தனி வீதிப் பாலம் திறக்கப்படும் வரை நீடித்தது.

இவ்விரு பாலங்களுக்கும் இடையிலுள்ள புணானைக் காடு வேறொரு காரணத்தால் பெயர் பெற்றது. அங்கு மனிதரைக் கொன்றுவந்த சிறுத்தை 1924இல் ஷெல்டன் ஏகார் என்பவரால் சுடப்பட்டது. கிறிஸ்தோபர் ஒண்டாச்சியின் 1992ஆம் ஆண்டு நூல் அவ்விலங்கின் பெயரையே தலைப்பாகக் கொண்டது.

சிறுத்தைக்கு நூல் வாய்த்தது. பாலத்தில் காத்து நின்ற வணிகத்துக்கு அத்தகைய நூல் எழுதப்பட வேண்டும். புகையிரதப் பகுதி, பொதுவேலைத் திணைக்களம், அரசாங்க அதிபர் ஆகியோரின் ஆண்டறிக்கைகளை அருகருகே வைத்து வாசிப்பதோடு, நிலையச் சரக்குப் பதிவேடுகளும் கடைக் கணக்குகளும் கடவைக் காப்பாளரின் நினைவுகளும் உள்ளூரிலேயே திரட்டப்பட வேண்டும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் அதற்கான வழியைக் காட்டியுள்ளது.

வயலில் எஞ்சிய வைக்கோலைக் காகிதமாக்க 1950களில் வாழைச்சேனையில் எழுந்த ஆலையும், அதன் எழுச்சியும் தளர்வும் அடுத்த வாரம்.