கனகசெட்டிகுளம் தாண்டினால் யார் பொறுப்பு?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, காலாப்பட்டைக் கடந்து கனகசெட்டிகுளத்தைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பள்ளி புதுச்சேரி அரசின் அங்கீகாரம் பெற்றது, பேருந்து பி.ஒய். பதிவெண் கொண்டது. முட்டுக்காடு எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா என்று பிள்ளைகள் கேட்கும் தீம் பார்க்குகளோ தமிழ்நாட்டு அதிகாரிகளின் அனுமதியில் நடப்பவை. அந்தப் பேருந்தில் பல நேரம் ஒரு பிரெஞ்சு ஆசிரியரும் இருப்பார்.

பாண்டிக்கு இது புதிதல்ல. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இன்றும் நடக்கிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சு ஒரு மொழிப்பாடம் என்பதால், பிரான்சிலிருந்து வரும் ஆசிரியர்களும் பயிற்சிக்கு வரும் இளைஞர்களும் வகுப்பெடுக்கிறார்கள். “வெளிநாட்டு மிஸ் கூடப் போறாங்க, கண்டிப்பா பார்த்துப்பாங்க” என்ற நம்பிக்கையில் ஒப்புதல் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடும் பெற்றோர் இங்கே நிறைய. நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஆசிரியர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும் பொறுப்பு அவருடையது அல்ல, பள்ளியுடையது. யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பேருந்து கிளம்புமுன் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பொறுப்பு பள்ளியுடையது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. 1995 மே 28 அன்று, பதான்கோட் அருகேயுள்ள பதானியின் டல்ஹௌசி பப்ளிக் ஸ்கூல் மாணவர்கள் பியாஸ் ஆற்றங்கரைக்குப் பிக்னிக் போனார்கள். 14 பேர் மூழ்கி இறந்தார்கள். கூடப் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பதில் சொல்ல வேண்டும் என்று, மாணவர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இன்னொன்று பெங்களூரில். 2006-இல் வட இந்தியச் சுற்றுலா போன ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வழியில் மூளைக்காய்ச்சல் கண்டது. உடன் போன ஆசிரியர்கள் நேரத்துக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பெண் படுத்த படுக்கையானாள். மாநில நுகர்வோர் ஆணையம் விதித்த 88.73 லட்சம் ரூபாயைத் தேசிய ஆணையம் 50 லட்சமாகக் குறைத்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் முழுத்தொகையையும் திரும்பக் கொடுத்தது. ஆறும் இல்லை, ராட்டினமும் இல்லை. ஒரு காய்ச்சலைப் பொருட்படுத்தாததுதான் அங்கே குற்றம்.

ஆகவே “என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல, சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன்” என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பெற்றோர் பயப்பட வேண்டாம். கவனக்குறைவால் வரும் சட்டப் பொறுப்பை அப்படி ஒரு வரியால் துடைத்துவிட முடியாது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே, உடன் வருவோர் பட்டியலையும் கைப்பேசி எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பட்டியலில் வெளிநாட்டு ஆசிரியரின் இடம் எது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். பிரான்சில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 30 பேர் வரை வெளியே போனால் குறைந்தது இரண்டு பெரியவர்கள் போக வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 15 பேருக்கும் ஒருவர் கூடுதலாக. அந்தப் பழக்கத்தில் வந்தவர் தலை எண்ணுவதில் கறாராகவே இருப்பார். ஆனால் ராட்டினத்தில் ஒரு பிள்ளை மயங்கினால் இயக்குபவரிடம் “நிறுத்துங்க” என்று தமிழில் கத்த வேண்டும். 108-க்கு இடம் சொல்ல வேண்டும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நடந்ததை விவரிக்க வேண்டும். தமிழ் தெரியாதவரிடம் ஒரு குழுவைத் தனியாக ஒப்படைத்தால் அவருக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஒவ்வொரு குழுவிலும் தமிழ் பேசும் ஆசிரியர் ஒருவர் இருந்தாக வேண்டும். வெளிநாட்டவர் அவருக்குக் கூடுதல் கண்ணாக இருக்கட்டும்.

அவருடைய தாள்களும் சரியாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர் பள்ளியில் வேலை பார்க்க முடியாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் பொதுவாக 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இரவு தங்கும் பயணம் என்றால், விடுதிக்காரர் அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அந்த அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்புவார். பாஸ்போர்ட், விசா நகல் இல்லாமல் போனால் ராத்திரி பத்து மணிக்கு மொத்தக் குழுவும் வரவேற்பறையில் காத்துக் கிடக்கும். அவருக்கே விபத்து நேர்ந்தால் அவர் குடும்பத்துக்குத் தகவல் சொல்லவும் உதவவும் பாண்டியிலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்த எண்ணும் பட்டியலில் இருக்கட்டும்.

குழந்தைப் பாதுகாப்பு விஷயத்தில் நாட்டு வேறுபாடு கிடையாது. தமிழாசிரியருக்கும் பிரெஞ்சு ஆசிரியருக்கும் பேருந்துக் கிளீனருக்கும் ஒரே விதி: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியே இருக்கக் கூடாது. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கட்டாயம், வெளிநாட்டவருக்கும்தான். மறைப்பவருக்கு 6 மாதம் வரையும், நிறுவனத் தலைவராக இருந்து மறைத்தால் ஓராண்டு வரையும் சிறை உண்டு. நீர் விளையாட்டு முடிந்து உடை மாற்றும் இடத்தைப் பெண் ஆசிரியர் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே ஓர் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டது, மறக்க வேண்டாம்.

ராட்டினங்களைப் பற்றி: 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போதே ஒரு ராட்டினம் விழுந்து ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து 2 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் வி.ஜி.பி.யில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயரத்தில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தவித்தார்கள்; தீயணைப்பு வீரர்கள் வந்துதான் இறக்கினார்கள். இதற்காகச் சுற்றுலாவையே நிறுத்தச் சொல்லவில்லை. பராமரிப்புச் சான்றும் விபத்துக் காப்பீடும் இருக்கின்றனவா என்று பூங்காவிடம் கடிதம் போட்டுக் கேட்கப் பள்ளிக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. உயர வரம்பை ஏமாற்றி ஏறத் துடிக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதும் ஆசிரியர் வேலைதான். வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா இருப்பதைப் பெற்றோர் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ராட்டினத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தண்ணீரும் சாலையும். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிக்னிக் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. 2022 அக்டோபரில் பாலக்காடு வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குக் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து இரவில் அதிவேகமாகப் போய் அரசுப் பேருந்தில் மோதியது. இறந்த 9 பேரில் 5 பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். விடியற்காலையில் கிளம்பி நள்ளிரவில் திரும்பும் திட்டம் என்றால் இரண்டாவது ஓட்டுநர் உண்டா என்று கேளுங்கள். பள்ளியின் சொந்தப் பேருந்துக்குரிய பர்மிட் பிள்ளைகளை ஏற்றி இறக்கத்தான். எல்லை தாண்டிச் சுற்றுலா போக அதற்கென்று தனி பர்மிட் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

ஏதாவது நடந்துவிட்டால், காவல் நிலையத்தில் “அது எங்க எல்லை இல்ல” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பாண்டி பெரியகடை காவல் நிலையத்தில் கொடுத்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பூங்கா மீது நுகர்வோர் வழக்கு என்றால் நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே 2 ஆண்டுக்குள் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பள்ளி மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் ‘கல்வி என்பது சேவை அல்ல’ என்ற வாதம் எழும். தேசிய ஆணையமே 2020-இல் அப்படிச் சொல்லியிருக்கிறது. அதனால் உரிமையியல் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகிய வழிகளையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். எல்லையின் இரு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். சாலை விபத்து இழப்பீட்டுக்கு 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிடுவது பாதுகாப்பு. சட்ட உதவி கேட்டு 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தர வேண்டும். குழந்தைகளுக்கான அவசர உதவிக்கு 1098.

நுழைவுச் சீட்டு, கைப்பட்டை, வாட்ஸ்அப் செய்திகள், மருத்துவமனைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். வெளிநாட்டு ஆசிரியர் சம்பவத்தை நேரில் பார்த்தவர் என்றால் இன்னும் அவசரம். கல்வியாண்டு முடிந்ததும் அவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார், வழக்கு விசாரணைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அவர் இங்கே இருக்கும்போதே மொழிபெயர்ப்பாளரை வைத்து பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதியும்படி விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். பிறகு சாட்சி சொல்ல அவர் பிரான்சிலிருந்தே காணொலியில் வரவும் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு அவருடைய ஊர் முகவரியும் மின்னஞ்சலும் வழக்குக் கோப்பில் இருக்க வேண்டும்.