ஒளி வரைந்தது, வெம்மை அழித்தது

ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ சாலையோரப் புளியமரத்தின் கீழ் உச்சிவேளையில் நின்று நிலத்தை நோக்குங்கள். நிழலிடையே காசு காசாய் ஒளிவட்டங்கள் கிடக்கும். இலைகளின் இடுக்குகளோ கோணல்மாணலானவை. அவற்றின் வழியே விழும் ஒளி மட்டும் வட்டமாவது ஏன்? அது இடுக்கின் வடிவன்று, கதிரவனின் உருவம். கதிரவ மறைப்பு நாளில் அவ்வட்டங்கள் யாவும் பிறைகளாய் மாறிவிடுவதே இதற்குச் சான்று.

உருவத்தைப் பெறுவது இத்துணை எளிது. பிடித்து நிறுத்துவதே அரிது. ஒளிபட்டுக் கருக்கும் வெள்ளி உப்புகள் அதற்குத் துணைநின்றன. பிரான்சு நாட்டு டாகரின் ஒளிப்பட முறை 1839இல் உலகுக்கு வெளியானது. அதில் ஒரு தகட்டுக்கு ஒரு படமே. 1841இல் இங்கிலாந்தின் டால்பட்டு, தாளில் எதிருருவம் எடுத்து அதிலிருந்து எத்தனை படிகளையும் ஆக்கும் வழியை நிறுவினார்.

1856 சென்னைக்கு இருவகையில் நினைவுக்குரிய ஆண்டு. அவ்வாண்டு சூலை முதல் நாள், தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டிப் பாதை இராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி நிலங்களைக் கடந்து வாலாசா வரை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை ஒளிப்படக் கழகமும் தோன்றியது. லின்னேயசு டிரைப்பு அரசின் ஒளிப்படக் கலைஞராய் அமர்த்தப்பட்டார்.

டிரைப்பின் பெரும்பகை நம் வெயில். அந்நாளில் பரவிவந்த கண்ணாடித் தகட்டு முறையில், பூச்சு ஈரம் உலருமுன் படமெடுத்துத் துலக்கியாக வேண்டும். இங்கோ அது விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே அவர் மெழுகேற்றிய தாளை நம்பினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாய் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். கல்லெழுத்து அசையாது, எனவே நெடுநேர ஒளியூட்டலுக்கு அது பொறுத்திருந்தது. ஓடும் தொடர்வண்டியைப் பிடிக்க அத்தாளால் இயலாது.

ஓட்டத்தைப் பிடிக்க விரைந்துணரும் பூச்சு வேண்டியிருந்தது. செலாட்டின் எனும் ஊன்பசையில் வெள்ளி உப்புத் துகள்களைக் கலந்த பால்மம் அதைத் தந்தது. அப்பால்மம் பூசிய திரைப்படச் சுருள் ஓர் அடிக்கு 16 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டமும் கணநேரம் நின்று, மறைப்பின் பின்னே நகர்ந்து, அடுத்ததற்கு இடம்விடும். ஊமைப்பட நாளில் நொடிக்கு ஏறத்தாழப் பதினாறு அசையாப் படங்களைக் கண்டு, மனம் அவற்றைக் கோத்து ஓர் அசைவாக்கிக்கொண்டது.

ஆயினும் ஊன்பசைக்கும் வெயில் ஆகாது. துலக்குநீரில் ஊறிப் பருத்த ஊன்பசை 30 செல்சியசு அளவை நெருங்கும்போதே தளர்ந்து, சுருக்கம் விழுந்து, விளிம்பில் உரியத் தொடங்கும். கத்தரி வெயிலில் நம் தொட்டித் தண்ணீரைத் தொட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1910களின் பிற்பகுதியில் தென்னாட்டின் முதல் ஊமைக் கதைப்படமான 'கீசக வத'த்தைப் புரசைவாக்கத்தில் எடுத்த நடராச முதலியார், சுருள்களைத் துலக்குவதற்குக் குளிர்ந்த பெங்களூரை நாடினார். அப்படம் ஏறத்தாழ 6,000 அடி. அடிக்குப் பதினாறாய்க் கணக்கிட்டால், தொண்ணூற்றாறாயிரம் கட்டங்கள்!

பிற்காலத்தில் இந்திய அரசின் இந்துசுதான் போட்டோ பிலிம்சு ஆலை, தூசும் வெப்பமும் குறைந்த உதகமண்டலத்தில் அமைந்து, 1967இல் ஆக்கத்தைத் தொடங்கிற்று. அதன் கிளை ஆலை ஒன்று அம்பத்தூரில் இயங்கியது. வெம்மையை வெல்லும் குளிர்பதனப் பொறிகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன.

ஒரே ஞாயிறு தன் ஒளியால் படத்தை வரைந்தது. தன் வெம்மையால் அதை அழிக்கவும் முனைந்தது. நம் நாட்டு ஒளிப்பட வரலாறு இவ்விரண்டிற்கும் இடையே நடந்த போராட்டமே. டிரைப்பின் தாள்கள் பிழைத்தன. 'கீசக வத'த்தின் ஒரு சுருள்கூட இன்று இல்லை.

உங்கள் வீட்டுக் கூடத்தில் மேற்குச் சுவரில் தொங்கும் பாட்டன் பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படமும் பெரும்பாலும் வெள்ளியும் ஊன்பசையும் ஆனதே. பிற்பகல் முழுதும் காயும் அச்சுவரிலிருந்து அதை இறக்குங்கள். வெயிலும் ஈரமும் அணுகாத இடத்தில் வையுங்கள். ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.