டிராக்டரின் புகைக்குழாயும் சைலன்ஸரும்

டிராக்டர் வைத்திருக்கும் நமது மிராசுதார்கள் டயரையும் எஞ்சின் ஆயிலையும் கவனிப்பதுபோல் புகைக்குழாயைக் கவனிப்பதில்லை. புகை வெளியே போனால் சரியென்று விட்டுவிடுகிறார்கள். அதனால் நேரும் நஷ்டமும் அபாயமும் சொற்பமல்ல.

நான் நேரில் கண்ட திருஷ்டாந்தம் ஒன்று. ஓர் ஐப்பசி மாதத்தில், குழாயின் மேல்மூடி உடைந்துபோன டிராக்டரொன்று மூன்று நாள் அடைமழையில் வெட்டவெளியில் நின்றது. நான்காம் நாள் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற சத்தத்துடன் எஞ்சின் நின்றுவிட்டது. குழாய் வழியே இறங்கிய நீர், திறந்திருந்த வால்வு மூலமாகச் சிலிண்டருக்குள் சேர்ந்திருந்தது. நீர் காற்றைப்போல் அமுங்காதாகையால் கனெக்டிங் ராடு வளைந்துபோயிற்று. ஒரு தகர மூடியின் விலை எங்கே, அந்த மராமத்துச் செலவு எங்கே! மூடி வாங்கும்வரையில் காலி டப்பாவொன்றைக் கவிழ்த்து வைத்தாலும் போதும். நீர் இறங்கியதாகச் சந்தேகமிருப்பின், இன்ஜெக்டர்களைக் கழற்றி எஞ்சினை மெதுவாகச் சுழற்றி, நீரை வெளியேற்றிய பின்னரே ஸ்டார்ட் செய்யவேண்டும்.

மழையில் நனையாத சைலன்ஸரும் துருப்பிடிப்பதேன் என்று சிலர் கேட்பதுண்டு. 1 லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நாள் முழுதும் உழும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அந்த ஆவி வெளியேறிவிடும். கடைத்தெருவரை போய்த் திரும்பும் வண்டியிலோ அது உள்ளேயே நீராகத் தங்கித் தகட்டை அரிக்கிறது.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது கடினமன்று. மேனிபோல்டு இணைப்பில் கரிக்கோடு படிந்திருப்பதும், பாரம் இழுக்கையில் 'டிக் டிக்' என்ற ஓசை மிகுவதும் கேஸ்கட் எரிந்ததற்கு அடையாளம். எஞ்சின் ஆறியிருக்கும்போது நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமுமாக முடுக்கவேண்டும். அதற்கும் நிற்காவிடில் கேஸ்கட்டை மாற்றுவதே வழி. தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது வீடு வந்து சேரும்வரையில்தான் உதவும்.

கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது புகையிலுள்ள நஞ்சு. கார்பன் மோனாக்ஸைடு என்னும் இவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். டீசல் புகையில் இது பெட்ரோல் புகையைவிடக் குறைவே. ஆயினும் கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. கிணற்றினுள் எஞ்சினை இறக்கி நீரிறைப்பது இன்னும் கொடியது. தலைவலி, மயக்கம், வாந்தி கண்டால் உடனே வெளிக்காற்றுக்கு வரவேண்டும். கிணற்றில் ஒருவர் மயங்கி விழுந்தால், பதைத்து மற்றொருவர் இறங்கலாகாது. அவ்வாறு இறங்கினால் இருவருயிரும் போக இடமுண்டு. தீயணைப்பு நிலையத்தாருக்கு உடனே ஆளனுப்பவோ டெலிபோன் செய்யவோ வேண்டும்.

புகையின் நிறமும் எஞ்சினின் நிலையைக் கூறும். கரும்புகை தொடர்ந்து வந்தால் முதலில் ஏர் கிளீனரைப் பார்க்கவேண்டும். தூசி அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். அது சுத்தமாயிருப்பின், அதிகப் பாரமோ இன்ஜெக்டர் பழுதோ இருக்கலாம். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் குறிக்கும். குளிர்ந்த காலையில் தோன்றி மறையும் வெண்புகையைப்பற்றிக் கவலை வேண்டாம். சூடேறிய பின்னும் நீடித்தால் மெக்கானிக்கிடம் காட்டுக.

அறுவடைக் காலத்தில் இன்னொரு கவனம். சைலன்ஸரில் படிந்த கரி, திடீரெனப் பாரமேறும்போது தீப்பொறியாகப் பறப்பதுண்டு. ஆகையால் களத்தில் கதிரடிக்குமுன் சைலன்ஸரைக் கழற்றித் தட்டிச் சுத்தஞ் செய்யவேண்டும். வைக்கோற்போரை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில் வண்டியை நிறுத்தாமல், இரண்டு குடம் தண்ணீரும் கொஞ்சம் மணலும் அருகில் வைத்துக்கொள்க.