குறைந்த விலைக்கே வேலை

கேள்விப்பத்திரம் திறந்த அன்று வாப்பாவுக்கு வேலை கிடைத்தது. ஆனாலும் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அது ஏன் என்று பொருளியலில் கிரயம் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. 50 கிலோ சீமெந்து மூட்டை 3,000 ரூபாவைத் தாண்டியது. கட்டட வேலைகள் பாதியில் நின்றன. இருந்த கொஞ்ச வேலைக்கு எல்லா ஒப்பந்தக்காரரும் போட்டி போட்டு விலையைக் குறைத்தார்கள்.

நட்டம் என்று தெரிந்துமா? ஆம். கொங்கிரீட் கலக்கும் மெஷினின் லீசிங் தவணையை வேலை இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். அது நிலையான கிரயம். சீமெந்தும் கூலியும் மாறும் கிரயம். வரும் பணம் மாறும் கிரயத்தை மூடி, தவணைக்கும் கொஞ்சம் மிஞ்சினால், சும்மா இருப்பதைவிட நட்டம் குறைவு. பழகிய மேசன்மாரும் வேறிடம் போகமாட்டார்கள்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மனுவில் எழுதுவது இன்றைய விலை. கம்பி வாங்குவதோ மாதங்கள் கழித்து. விலையேற்றத்தைக் குறைவாகக் கணித்தவருக்கே பெரும்பாலும் வேலை கிடைக்கும், அடியும் அவருக்கே. விலை ஏறினால் ஈடு தரும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் தப்பலாம். வாப்பாவின் சின்ன ஒப்பந்தத்தில் அது இருக்கவில்லை.

கூரை போட்ட கிழமை, தன் மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் மேசன்மாருக்குக் கூலி கொடுத்தார்.