ஒரே தனிமம், இருவேறு தேக்கம்: பெரம்பலூர், அரியலூர் நிலப்பின்னணியில் ஃபுளோரின் சேர்மங்களின் உயிர்த்திரட்சி

முன்னுரை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகளால் புவியியலாளர்களிடையே நன்கு அறியப்பட்டதாகும். பெரம்பலூர் மாவட்டக் காரைப் பகுதியில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான களிமண் படிவுகளில் பாஸ்பேட் உருண்டைகள் காணப்படுகின்றன. பாஸ்பேட் தாதுக்கள் ஃபுளோரினைத் தம்முள் பிணைத்து வைக்கும் இயல்புடையவை. ஃபுளோரின் தாதுக்கள் கொண்ட பாறைகளின் வழியே ஊறும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைவதுண்டு. ஆகவே, நீரில் ஃபுளோரின் என்றதும் பற்கறையும் எலும்புப் பாதிப்புமே நினைவுக்கு வருகின்றன. பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் செயற்கை ஃபுளோரின் கரிமச் சேர்மங்கள் உடலில் தேங்கும் முறையோ முற்றிலும் வேறானது. அவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

எலும்பில் தேங்கும் ஃபுளோரைடு

உடலில் சேரும் ஃபுளோரைடில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. எஞ்சுவதில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் படிகிறது. எலும்பின் கனிமப் பகுதியான அபடைட்டில் ஹைட்ராக்சில் அயனியின் இடத்தை ஃபுளோரைடு அயனி பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணமாகும்.

குருதியில் தேங்கும் கரிமச் சேர்மங்கள்

பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களில் ஃபுளோரின் கார்பனுடன் பிணைந்துள்ளது. கரிம வேதியியலின் மிக வலிய ஒற்றைப் பிணைப்புகளுள் இதுவும் ஒன்று. இதனை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. டி.டி.டி. போன்றவை கொழுப்பில் தேங்குகின்றன. பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. ஆகியவையோ புரதங்களுடன் பிணைந்து குருதியிலும் கல்லீரலிலும் தங்குகின்றன. சிறுநீரகம் வடிகட்டியதையும் கடத்திப் புரதங்கள் மீண்டும் குருதிக்குள் இழுத்துக்கொள்கின்றன. பித்தநீரில் சென்றது குடல்வழி மறுபடி உறிஞ்சப்படுகிறது. இதனால் மனித உடலில் இவற்றின் அளவு பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகின்றன. பெண் எலியில் பி.எஃப்.ஓ.ஏ. சில மணி நேரத்திலும் ஆண் எலியில் சில நாள்களிலும் பாதியாகிவிடுகிறது. எலிச் சோதனை முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இதுவே காரணம்.

விலங்கும் மனிதனும்

மனிதக் குருதியில் கரிம ஃபுளோரின் இருப்பதை 1968இல் டொனால்டு டேவ்ஸ் வெளியிட்டார். துருவக் கரடி, கழுகு, கடல்நாய் முதலியவற்றின் உடலில் பி.எஃப்.ஓ.எஸ். பரவியிருப்பதை 2001இல் ஜான் கீசியும் குருந்தாசலம் கண்ணனும் நிறுவினர். கண்ணன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஒன்பது நாட்டுக் குருதி ஆய்வில் கோயம்புத்தூர் மாதிரிகளும் இடம்பெற்றன. இந்தியாவின் அளவே மிகக் குறைவு. 2008இல் வெளியான ஆசிய நாடுகளின் தாய்ப்பால் ஆய்விலும் பி.எஃப்.ஓ.எஸ். அளவு இந்தியாவில் மிகக் குறைவாகவும் ஜப்பானில் மிக அதிகமாகவும் இருந்தது. குறைவு என்பது இன்மை அன்று. தாயிடமிருந்து சேய்க்கு இவை கடக்கின்றன என்பதையும் அவ்வாய்வு காட்டுகிறது.

கால்நடையும் ஒரு வழியாகும். மாசுற்ற கழிவுநீர்ச் சேற்றை உரமாக இட்ட நிலத்திலிருந்து தீவனத்துக்கும், தீவனத்திலிருந்து பாலுக்கும் இவை சென்றதைக் கண்ட அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், 2022இல் அச்சேற்றை வயலில் இடுவதற்குத் தடை விதித்தது.

நீர்ச் சோதனையின் எல்லை

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500:2012, ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வரையறுக்கிறது. பி.எஃப்.ஏ.எஸ். அப்பட்டியலில் இல்லை. ஃபுளோரைடு சோதனை கட்டற்ற அயனியை மட்டுமே அளக்கும். கார்பனுடன் பிணைந்த ஃபுளோரின் அதில் தென்படாது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறை, பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களைச் சிதைப்பதில்லை. கொதிக்கவைத்தலும் பயன்தராது. கிளர்வூட்டிய கரி, அயனிப் பரிமாற்றப் பிசின், எதிர்ச்சவ்வூடு பரவல் ஆகியவையே இவற்றை நீரிலிருந்து பிரிக்க வல்லவை.

முடிவுரை

ஃபுளோரைடு நிலம் தருவது, பி.எஃப்.ஏ.எஸ். மனிதன் ஆக்கியது. முன்னது எலும்பில் படிகிறது. பின்னது குருதியில் சுழல்கிறது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும் பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் சேர்க்கப்பட்டன. எனவே, ஆழ்துளைக் கிணற்று நீர் ஃபுளோரைடு சோதனையில் தேறியது என்பதை, ஃபுளோரின் சேர்மங்கள் அனைத்தும் அற்றது எனக் கொள்ளலாகாது. இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரையும் கால்நடைப் பாலையும் பி.எஃப்.ஏ.எஸ். நோக்கில் தனியே அளந்து அடிப்படைத் தரவு திரட்டுவது, வருங்கால ஆய்வுகளின் முதற்பணியாதல் வேண்டும்.