கரன்ட் திரும்பி வந்ததும் ரவுட்டர் போச்சா? சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாலையில் இடி, மழை. வீடியோ மீட்டிங் நடுவில் கரன்ட் போகிறது. பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறது. ஆனால் வைஃபை ரவுட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. "ஸ்பைக் பாக்ஸ்லதானே மாட்டியிருந்தேன்?" என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். ஆனால் அந்த பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சர்ஜ் என்றால் என்ன?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதன் உச்சம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுமார் 325 வோல்ட் வரை போகும். இது இயல்பு. பக்கத்தில் மின்னல் விழுந்தாலோ, லிஃப்ட் மாதிரி பெரிய மோட்டார் நின்றாலோ, சில மைக்ரோ விநாடிகளுக்கு மட்டும் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறலாம். அதுதான் சர்ஜ். எம்.சி.பி. வேலை செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்டெபிலைசராலும் அவ்வளவு வேகமாகச் செயல்பட முடியாது.

உள்ளே இருக்க வேண்டிய மூன்று பேர்

எம்.ஓ.வி.: துத்தநாக ஆக்ஸைடால் ஆன வட்டமான சின்ன வில்லை. சாதாரண வோல்டேஜில் சும்மா இருக்கும். எல்லை தாண்டினால் சட்டென்று பாதை திறந்து, அதிகப்படி மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிவிடும். விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும்.

ஜி.டி.டி.: வாயு நிரப்பிய குழாய். பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும், ஆனால் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒருமுறை பற்றிக்கொண்டால் மெயின்ஸ் கரன்ட்டே அதைத் தொடர்ந்து எரியவைக்கலாம். அதனால் ஃபேஸ், நியூட்ரல் நடுவில் இதைத் தனியாகப் போட மாட்டார்கள். எம்.ஓ.வி.யோடு தொடராகச் சேர்ப்பார்கள், அல்லது நியூட்ரல், எர்த் நடுவில் வைப்பார்கள்.

டி.வி.எஸ். டையோடு: மிக வேகம், மிகத் துல்லியம். ஆனால் தாங்கும் ஆற்றல் குறைவு. அதனால் யு.எஸ்.பி., டேட்டா லைன் போன்ற இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும்.

275-ஆ, 320-ஆ?

எம்.ஓ.வி. மேல் 20டி431 என்று இருந்தால், வில்லையின் விட்டம் 20 மில்லிமீட்டர், அது கடத்தத் தொடங்குவது 430 வோல்ட்டில். தொடர்ந்து தாங்கும் ஏ.சி. அளவு 275 வோல்ட். 20டி511 என்றால் 320 வோல்ட் வரை தாங்கும். முதலாவது வோல்டேஜை இன்னும் கீழேயே பிடித்து நிறுத்தும். பாதுகாப்பு கூடுதல்தானே? ஆமாம். ஆனால் சப்ளை அடிக்கடி 270-ஐத் தொடும் பகுதியில் அதுவே சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும். அங்கே 320-தான் சரி.

இரண்டுமே தாங்காத ஒன்று உண்டு. கட்டடத்தில் நியூட்ரல் வயர் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் பக்கம் நிமிடக்கணக்கில் வரலாம். அதற்குச் சப்ளையையே துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் தனியாக வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த பவர் ஸ்ட்ரிப்பை மாற்று பிளக் போட்டு இங்கே செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது. உள்ளே இருக்கும் எம்.ஓ.வி. இங்கே செருகியதுமே எரியலாம், தீயும் பிடிக்கலாம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

• வெறும் "ஸ்பைக்" என்ற எழுத்தை நம்பாதீர்கள். சில பாக்ஸ்களில் சுவிட்சும் ஃபியூஸும் மட்டுமே இருக்கும். ஜூல் அளவும், கிளாம்பிங் வோல்டேஜும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஜூல் அதிகம் என்றால் ஆயுள் அதிகம்.

• தெர்மல் ஃபியூஸ் அவசியம். தேய்ந்த எம்.ஓ.வி. சூடேறும்போது அதுதான் இணைப்பைத் துண்டிக்கும்.

• "ப்ரொடெக்டட்" விளக்கு இருக்கட்டும். அது அணைந்தால், பிளக் பாயின்ட் வேலை செய்தாலும் பாதுகாப்பு போய்விட்டது. பாக்ஸை மாற்றுங்கள்.

• சொந்த வீடு என்றால் டி.பி. பாக்ஸில் டைப் 2 எஸ்.பி.டி. ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடுங்கள். பெரிய அடியை அது வாங்கும், மிச்சத்தை மேஜை அருகே இருக்கும் பாக்ஸ் பார்த்துக்கொள்ளும். எஸ்.பி.டி.க்குப் போகும் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

எர்த் இல்லாவிட்டால்?

ஃபேஸ், நியூட்ரல் நடுவில் இருக்கும் எம்.ஓ.வி. அப்போதும் வேலை செய்யும். ஆனால் எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டிய சர்ஜுக்குப் போக வழி இருக்காது. வாடகை வீடு என்றால் குடிபோகும் முன்பே எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஷாக் அடிக்காமல் காப்பதும் அதுதான்.

கடைசியாக ஒன்று. நேரடி மின்னலைத் தடுக்கும் பாக்ஸ் எந்தக் கடையிலும் இல்லை. இடி சத்தம் தூரத்தில் கேட்கும்போதே லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். ரவுட்டருக்கு வரும் செம்பு கேபிளையும் சேர்த்துத்தான். சர்ஜ் அந்த வழியாகவும் வரும்.